பிளாட் வாங்கியாச்சு, இனி சண்டை எங்கிருந்து வரும்?

எட்டு வீடு, பன்னிரண்டு வீடு இருக்கும் சென்னை அப்பார்ட்மென்ட்களில் சண்டை பெரும்பாலும் கார் பார்க்கிங், சம்ப், மேல்வீட்டு பாத்ரூம் ஆகிய மூன்று இடங்களில்தான் கிளம்பும். "அந்த வீட்டுக்காரர் சரியில்லை" என்று முடித்துவிடுகிறோம். அவர் விற்றுவிட்டுப் போய் வேறொருவர் வந்தாலும் அதே சண்டை தொடர்வதைப் பார்த்தால் கோளாறு ஆளிடம் இல்லை என்று தெரியும். எது யாருடையது, எதற்கு யார் காசு கொடுப்பது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைக்காததுதான் கோளாறு. பத்திரத்தில் சதுர அடியையும் யூடிஎஸ்ஸையும் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்ப்பவர்கள்கூட மொட்டை மாடி, படிக்கட்டு, ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்) பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

பார்க்கிங்கில் நடக்கும் முதல் தவறு, பில்டர் வாயால் சொன்னதை நம்புவது. "தூணுக்குப் பக்கத்துல உங்களோடது சார்" என்று இருவரிடம் சொல்லியிருப்பார். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்கும் உரிமை பில்டருக்குக் கிடையாது என்று 2010-ல், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறந்தவெளிப் பார்க்கிங்கும் மொட்டை மாடியும் பொது இடம் என்று 2016-ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. அதனால் இடத்துக்கு எண் போட்டு, வரைபடத்தில் குறித்து, எல்லோரும் கையெழுத்திட்ட தாளை அசோசியேஷன் கோப்பில் வைப்பதுதான் வழி. அதோடு வண்டியின் அளவையும் பேசிவிட வேண்டும். ஒரு காருக்கான இடம் இங்கே பொதுவாக இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். சின்ன காரை விற்றுவிட்டு எஸ்யூவி வாங்கியவர் தன் கோட்டுக்குள்தான் நிறுத்துகிறார், ஆனால் பக்கத்து வண்டிக்காரரால் கதவைத் திறக்க முடிவதில்லை. இரண்டாவது கார் வாங்குபவர் அதை எங்கே நிறுத்துவார் என்பதையும் வண்டி வந்து நின்ற பிறகு பேசினால் பகைதான் மிஞ்சும்.

மெயின்டனன்ஸில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா, சதுர அடிக்கு இவ்வளவா என்ற வாதம் ஒருநாளும் ஓயாது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுதான் காரணம். 700 சதுர அடிக்காரரும் 1,400 சதுர அடிக்காரரும் ஒரே லிஃப்டில்தான் ஏறுகிறார்கள், ஆனால் பெயின்ட் அடிக்க வேண்டிய சுவர் ஒரே அளவில்லை. மொத்தத்தையும் ஒரே கணக்கில் அடைக்கப் பார்ப்பதுதான் இங்கே தவறு என்பேன். வாட்ச்மேன், லிஃப்ட், பொது இபி பில் இவற்றைச் சமமாகப் பிரிக்கலாம். பெயின்ட், கட்டட ரிப்பேர் போன்றவற்றைச் சதுர அடிப்படி பிரிக்கலாம். தண்ணீருக்கு முடிந்தால் வீட்டுக்கு ஒரு மீட்டர் வைக்கலாம். லாரித் தண்ணி வாங்கும் மாதங்களில் இந்த மீட்டர் இல்லாத குறை நன்றாகவே தெரியும். 12,000 லிட்டர் லாரிக்கு எட்டு வீடும் சமமாகக் கொடுக்கும்போது, இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்காரர் ஆறு பேர் இருக்கும் வீட்டின் வாஷிங் மெஷின் சத்தத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். வெளிநாட்டில் இருப்பவர்கள் "பூட்டிக் கிடக்குற வீட்டுக்கு எதுக்கு மெயின்டனன்ஸ்?" என்பார்கள். தண்ணீருக்கு வேண்டுமானால் அது சரி. லிஃப்டும் வாட்ச்மேனும் அவர் சொத்தையும் சேர்த்துத்தான் காக்கிறார்கள். வாடகைக்கு விட்டவர்கள் விஷயத்தில், பணம் வாடகைக்காரர் கையிலிருந்து வந்தாலும் பாக்கிக்குப் பொறுப்பு உரிமையாளர்தான் என்று எழுதிவிடுங்கள்.

உறவை அடியோடு முறிப்பது ஒழுகல். கீழ்வீட்டு பாத்ரூம் கூரையில் முதலில் ஒரு மஞ்சள் வட்டம் தெரியும். கீழே இருப்பவர் புட்டி பூசி வெள்ளையடித்து மறைப்பார். அடுத்த மாதம் அது பெரிதாகும், மேலே போய்க் கேட்பார். "நாங்க புதுசா ஒண்ணும் பண்ணலையே" என்று பதில் வரும். அதற்கப்புறம் படியில் பார்த்தால்கூடப் பேச்சு இருக்காது. காரணம் என்ன என்று தெரியாமலே யார் தப்பு என்று பேசுவதால் வரும் வினை இது.

முதலில் எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். மேல்வீடு பூட்டியிருக்கும் நாளிலும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்கலாம். மேலே யாராவது குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் மட்டும் சொட்டினால் டைல்ஸ் இடுக்கையோ, தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றியுள்ள பூச்சையோ சந்தேகப்படலாம். மழைக்கு மட்டும் ஈரம் வந்தால் வெளிச்சுவர். அது மேல்வீட்டுக்காரர் தலையில் விழ வேண்டிய செலவே இல்லை, எல்லோரும் பகிர வேண்டியது. உறுதி செய்ய, மேல்வீட்டு பாத்ரூமில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒருநாள் நிறுத்தினால் போதும். கொஞ்சம் வண்ணப்பொடி கலந்தால் கீழே வரும் சொட்டே சொல்லிவிடும். இரண்டு வீட்டாரும் கூட இருந்து பார்க்க வேண்டும், பிளம்பர் வந்து சொன்னால் போதாது; கீழ்வீட்டுக்காரர் கூட்டி வரும் பிளம்பர் எப்போதும் மேலே கைகாட்டுவார். டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்றால், இடுக்கை மட்டும் சுரண்டி எபாக்ஸி என்ற தண்ணீர் புகாத பசையை நிரப்பிப் பார்க்கலாம். எடுத்த எடுப்பிலேயே தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் போகும் குழாய் என்றால் செலவு அந்த வீட்டுக்காரருடையது. எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் குழாய் என்றால் அசோசியேஷன் கொடுக்க வேண்டும். ரெராவின் கீழ் வரும் கட்டடமாக இருந்து, சாவி வாங்கி ஐந்து ஆண்டு ஆகாமலும் இருந்தால், கட்டுமானக் குறையைப் பில்டரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அண்டை வீட்டாரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

நாய், சத்தம் இரண்டுக்கும் அசோசியேஷன்கள் தங்களிடம் இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுப்பதுதான் வழக்கமான தவறு. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது என்பது விலங்கு நல வாரியம் 2015-ல் சொன்ன நிலைப்பாடு. கழிவை அள்ளச் சொல்லலாம், கயிறு கட்டச் சொல்லலாம். சத்தத்தைப் பொறுத்தவரை, இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்ற வரம்பு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே உண்டு. பிரச்சினை பகலில்தான். டிரில்லிங் வேலைக்கு நேரம் குறிக்காவிட்டால் மதியம் தூங்கும் குழந்தையும் தேர்வுக்குப் படிக்கும் பையனும் இருக்கும் வீடுகள் பொறுக்காது.

இன்னொன்று வாட்ஸ்அப் குரூப். வாசலில் கிடக்கும் செருப்பைப் படமெடுத்து, பெயர் சொல்லாமல் "சிலர்" என்று போடுவதைவிட மோசமான வழி இல்லை. அந்தச் "சிலர்" யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதவைத் தட்டி, "மாமி, அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறீங்களா?" என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கடைசியாகச் செகரெட்டரி. யாரும் முன்வராததால் ஒரே ஆள் ஆறேழு வருடம் ஓட்டுவார், கணக்கு அவர் நோட்டிலேயே இருக்கும். ஒருநாள் மோட்டார் ரிப்பேர் பில்லைப் பார்த்து யாரோ முகம் சுளிப்பார், அவர் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கும், மாதக் கணக்கை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதும், பொறுப்பு இரண்டு வருடத்துக்கு மேல் இல்லை என்ற விதியும் இருந்தால் செகரெட்டரிக்கும் மற்றவர்களுக்கும் மரியாதை மிஞ்சும். பொறுப்பு மாறும்போது வங்கிப் புத்தகத்தோடு கட்டட வரைபடம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், போர்வெல் ஆழம், பார்க்கிங் தாள், யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் எல்லாம் கைமாற வேண்டும். மொட்டை மாடிச் சாவி மேல்மாடிக்காரரிடம் இருந்தால் அதையும் அன்றே வாங்கிவிடுங்கள்.