பவுண்ட் கேக், கரமல் ஐசிங்: கொழும்பு வெக்கைக்கு ஒரு குறிப்பு

பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம் வீதம், முட்டை 5, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. கேக் பிழைப்பது பெரும்பாலும் பட்டரில்தான். கொழும்பு வெக்கையில் வெளியே வைத்த பட்டர் சீக்கிரமே எண்ணெய் விடும். அதில் காற்று நிற்காது, கேக்கின் அடி களிபோல் இறுகிவிடும். பட்டரை அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், ஆனால் விரல் மினுங்கக்கூடாது. அந்தப் பதத்தில் சீனியோடு வெளிறும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்தால் ஒரு கரண்டி மா தூவுங்கள், சேர்ந்துவிடும். மா போட்டபின் பீட்டர் வேண்டாம், அகப்பை போதும். 160 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலமளவு.

ஐசிங்குக்கு பிரவுன் சீனி 200 கிராம், பட்டர் 100 கிராம், பால் 60 மில்லிலீற்றர். கொதி வந்து 2 நிமிடத்தில் இறக்கி, இளஞ்சூட்டுக்கு வந்ததும் சலித்த ஐசிங் சீனி 150 கிராம் சேர்த்து அடியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வழிந்தோடும். நன்றாக ஆறவிட்டால் இறுகும், அப்போது ஒரு தேக்கரண்டி சுடுபால் விடுங்கள். உப்புப் பட்டர்தான் கிடைத்ததா? நல்லதே, திகட்டாது. பிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஐசிங் வியர்த்துக் கசியும்.