ஆனைக்கொய்யா ஒட்ட ஐஸ் பக்கட் உறை போதும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பா ஓர் ஆனைக்கொய்யா விதை ஊன்றினார். கடையில் அவகாடோ என்று விற்கிறார்களே, அதேதான். ஒன்பதாவது வருடம் காய்த்தது. பழத்தைப் பிளந்தால் பாதி கொட்டை, மீதி நார். இத்தனைக்கும் அந்த விதை வந்த பழம் வெண்ணெய் மாதிரி இருந்தது. விதைக்கன்று தாயைப் போலவே காய்க்காது. ஒரு கன்றின் தண்டில் நல்ல மரத்துக் கொப்பைப் பொருத்தி வளர்ப்பதுதான் ஒட்டுக்கன்று. அதில் எந்த மரத்துக் கொப்போ அந்த மரத்துப் பழம்தான். காயும் 3, 4 வருடத்தில் வந்துவிடும்.

மகள் ஆப்பிள் ஒட்டலாம் என்றாள். இலங்கை மலையகத்தில் எங்கள் பண்டாரவளைக் குளிர் நமக்குத்தான் குளிர், ஆப்பிளுக்குப் போதாது. பல ஆப்பிள் வகைகளுக்கு 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800, 1000 மணி நேரம் கிடந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். கை பழக ஆனைக்கொய்யாவே நல்லது. நான் சொல்லும் ஆப்பு ஒட்டு ஆப்பிளுக்கும் உதவும்.

முதலில் அடிக்கன்று, அதாவது கொப்பைத் தாங்கப்போகும் வேருள்ள கன்று. பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, காயவிடாமல் சில நாளுக்குள் ஊன்றிவிடுங்கள். தட்டையான அடிப்பக்கம் கீழே, கூர் மேலே, பாதி விதை மண்ணுக்கு வெளியே. ஓரடி உயரப் பொலித்தீன் பையில் மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு. அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தண்டு பென்சில் மொத்தம் வரும்வரை காத்திருங்கள். எங்கள் பக்கக் குளிரில் அதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகிறது.

அடுத்து கொப்பு. மேல் லயத்து அக்கா வீட்டு மரத்துப் பழம் எங்கள் ஊரில் பெயர்போனது. கேட்டபோது, "கொப்ப வெட்டிக்க தம்பி, காய்ல மட்டும் கை வைச்சிறாத" என்றார். நன்றாகக் காய்க்கும் மரத்தில், வெயில் படும் கிளை நுனியில், அடிக்கன்றின் மொத்தமே உள்ள துண்டாகத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்தில் வைத்தே இலைகளை நறுக்கி, காம்பை மட்டும் விட்டுவிட வேண்டும். காம்பு தொட்டாலே உதிர்ந்து, மொட்டு பருத்து, ஆனால் விரியாமல் இருக்கும்போது நாலைந்து அங்குலம் வெட்டுங்கள். ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து அன்றே ஒட்டிவிடுங்கள்.

இனி வெட்டு. நான் முதலில் எடுத்தது அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. கட்டைவிரல் மொத்தத் தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சீவும் கத்தி அது. பென்சில் தண்டில் பட்டதும் நசுக்கிவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அறுக்காதடா, ஒரே வெட்டா வெட்டு. பிசிறு நின்னா தண்ணி நிக்கும்" என்றார். கத்தியை வைத்துவிட்டுப் புது பிளேட் வாங்கி வந்தேன்.

அடிக்கன்றை அரையடி, முக்காலடி உயரத்தில் தலையை வெட்டுங்கள். கீழே சில இலைகள் நிற்கட்டும். வெட்டிய முகத்தின் நடுவே ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளவு. கொப்பின் அடியை இரண்டு பக்கமும் அதே நீளத்துக்குச் சாய்வாகச் சீவினால் ஆப்பு. பக்கத்துக்கு ஒரே இழுப்பு. சீவிய முகத்தை விரலால் தொடாதீர்கள். இப்போது உற்றுப் பாருங்கள்: பட்டைக்கும் உள்கட்டைக்கும் நடுவே மெல்லிய பச்சை வளையம் தெரியும். ஒட்டுப் பிடிப்பது அந்த வளையத்தில்தான். இரண்டின் பச்சையும் ஒன்றையொன்று தொட வேண்டும். கொப்பு ஒல்லியாகப் போய்விட்டதா? நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாகத் தள்ளி, அந்தப் பக்கத்துப் பட்டையையாவது சேர்த்துவிடுங்கள்.

விரலகலப் பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றுங்கள். கூரைக்குத் தகரம் போடுவது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடிக்கொண்டு வந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அப்புறம் பிள்ளைகள் சப்பும் ஐஸ் பக்கட்டின் நீளப் பொலித்தீன் உறையைக் கழுவி, கொப்பின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து, மூட்டுக்குக் கீழே கட்டிவிட்டு நிழலில் வையுங்கள். அடைமழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.

என் முதல் ஆறு கன்றில் நான்கைக் கொன்றது அவசரம். பத்தாம் நாள் பிடித்திருக்கிறதா என்று உறையைக் கழற்றிப் பார்த்தேன், கொப்பையும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் கறுத்துப்போயின. கை வைக்காத இரண்டும் நாலாம் வாரம் துளிர்த்தன. துளிர் வந்து இலை விரியத் தொடங்கியதும், ஒரு சாயங்காலமாகப் பார்த்து உறையை எடுங்கள். மூட்டுக்குக் கீழே வரும் துளிரையெல்லாம் கிள்ளிவிடுங்கள். விட்டால் கொப்புக்குப் போகிற சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

நாடாவை இரண்டு, மூன்று மாதம் கழித்து பிளேட்டால் கீறி எடுக்க வேண்டும். நான் ஒரு கன்றில் மறந்து, தண்டில் பள்ளமே விழுந்துவிட்டது. நடும்போது சரிவான இடமாகப் பாருங்கள், மூட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும், மரத்துக்கு மரம் இருபதடிக்குக் குறையாமல் விடுங்கள். பள்ளம் விழுந்த கன்றை லயத்து ஓரத்தில்தான் நட்டேன். தண்டில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. போன தடவை பதினோரு காய்.