பைக் சாவி கேட்கும் 16 வயதுப் பிள்ளையிடம் பேசுவது எப்படி?

நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நியூரான் என்னும் நரம்பு செல், அதைச் சுற்றியிருக்கும் மையலின் உறை எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பவள். ஆனாலும் என் மகனுக்கு 16 வயதானபோது, விபத்துச் செய்தி வந்த பேப்பரை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மாவு அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஃபிரிட்ஜ் மேல் இருந்த அப்பாவின் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னால் இரண்டு நண்பர்கள். பைபாஸ் டீக்கடைத் திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடந்தது. மூவரும் விழுந்தார்கள், இவனுக்கு முழங்கையில் 7 தையல். "மூணு பேர் போனா ஆபத்துன்னு தெரியாதாடா?" என்று கேட்டேன். "தெரியும்மா" என்றான்.

உண்மையிலேயே அவனுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் சொல்கிறேன்: புத்தி சொல்வதைக் குறையுங்கள். ஆபத்து எது என்று இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவுக்கே புரியும். சிக்கல் அந்த நேரத்தில் வருகிறது. பரிசு, பாராட்டு, பரபரப்பு இவற்றுக்குத் துள்ளும் மூளைப் பகுதிகள் பருவ வயதில் வேகமாக விழித்துக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்து "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் பகுதி முழுதாகப் பக்குவப்பட 20 வயதைத் தாண்டியும் சில வருடங்கள் ஆகும்.

இரண்டாவது, கூட யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2005-இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 306 பேரை ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. இதைப் படித்த பிறகு "எங்கே போற?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "யார் யார் வர்றாங்க, யார் வண்டி?" என்று கேட்க ஆரம்பித்தேன். தனியாகக் கடைக்குப் போகும் என் மகன் வேறு, நான்கு பேரோடு நிற்கும் என் மகன் வேறு.

சாவி விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். எங்கள் வீட்டில் அது இப்போது பீரோவுக்குள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்: 18 வயதாகாத பிள்ளை வண்டியால் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. கடைசி வரியில்தான் அவன் முகம் மாறியது.

ஆனால் பீரோவைப் பூட்டினால் நண்பன் வண்டியின் பின் சீட்டையும் பூட்டிவிட முடியாது. அங்கே தேவை தப்பிக்க ஒரு வழி. "நான் வரலைடா" என்று நான்கு பேர் முன்னால் சொல்வது அந்த வயதில் எவ்வளவு கஷ்டம் என்பதை நாம் மறந்துவிட்டோம். எனவே ஒரு ரகசிய வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது, "அம்மா, பாட்டிக்கு மாத்திரை வாங்கணுமா?" அதைப் போனில் கேட்டால் நான் கோபமாகக் கத்த வேண்டும், "அங்கேயே நில்லு, நானே வர்றேன்" என்று. பழி என் மேல் விழும், அவன் மானம் தப்பும். வீட்டில் இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம், சிரித்துக்கொண்டேதான். அழைத்து வந்த அன்று ராத்திரி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை மீறினாலும் அடுத்த போன் வராது.

அப்புறம் தூக்கம். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பே இரவில் தாமதமாகிறது. காலை 5 மணி டியூஷன் என்றால் தேவையான 8 மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? தூக்கம் கெட்ட பிள்ளையிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த டியூஷனை மாலைக்கு மாற்றினேன். துணிச்சலுக்கும் ஓர் இடம் கொடுங்கள். இவன் இப்போது கபடி ஆடுகிறான், முட்டி தேய்த்துக்கொண்டு வருகிறான். சரி, அது இருக்கட்டும்.

போன மாதம் இரவு ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. "அம்மா, பாட்டிக்கு மாத்திரை வாங்கணுமா?" நன்றாகக் கத்தினேன். இரண்டு ஹெல்மெட்டோடு ஸ்கூட்டியில் போய் அழைத்து வந்தேன். வழியில் இருவரும் பேசவில்லை. மறுநாள் தோசை சாப்பிடும்போது, யார் வண்டி, எத்தனை பேர் ஏறுவதாக இருந்தது என்று அவனாகவே சொன்னான்.