குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா? வீட்டிலேயே சோதித்து முடிவு செய்யும் முறை

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது அது. பாட்டிலிலும் கேனிலும் அடைத்து விற்கும் தண்ணீருக்கான தரம் ஐஎஸ் 14543. அதன்படி குளோரின் அதே 0.2-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு வரிகளைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். குழாய்த் தண்ணீர் வழியில் எதில் பட்டாலும் தாக்குப்பிடிக்கக் காவலோடு அனுப்பப்படுகிறது. கேன் தண்ணீரை ஓசோனும் புற ஊதா விளக்கும் காட்டிச் சுத்தம் செய்து மூடி விடுகிறார்கள். மூடி திறந்த பிறகு அதற்குக் காவல் கிடையாது.

கேனுக்கான விதி காகிதத்தில் கடுமையானதுதான். மலத்தால் வரும் ஈ.கோலை கிருமி 250 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீருக்கு இந்தச் சோதனை 100 மில்லியில். ஆனால் நாம் குடிப்பது காகிதத்தை அல்ல. சென்னைக்காகச் செங்குன்றத்திலோ செம்பரம்பாக்கத்திலோ கீழ்ப்பாக்கத்திலோ சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் பெரும்பாலும் கெடுவது கடைசி ஐம்பது அடியில்: தெருக்குழாய் இணைப்பு, சம்ப் (தரைக்கடித் தொட்டி), மேல்தொட்டி, குடம். கேன் தண்ணீர் கெடுவதும் அப்படித்தான்: கழுவாத கேன், வெயிலில் நிற்கும் வண்டி, பாசி பிடித்த டிஸ்பென்சர். ஆகவே எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, உங்கள் வீட்டு டம்ளருக்கு வரும்போது எது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன். கீழே உள்ளவை சென்னை வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. சம்ப்பும் மேல்தொட்டியும் உள்ள எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் குளோரின் சோதனை

மீன் தொட்டிக் கடையிலும் நீச்சல் குளச் சாமான் விற்கும் இடத்திலும் குளோரின் சோதனைப் பெட்டி கிடைக்கும். மலிவானது ஓடிஓ திரவம். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். கொஞ்சம் விலை கூடியது டிபிடி மாத்திரை, இளஞ்சிவப்பாகும். இரண்டிலும் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். ஓடிஓ என்றால் சொட்டு விட்டுக் கலக்கியதும் சில நொடிகளுக்குள் படித்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் அடர்ந்து, இல்லாத பாதுகாப்பு இருப்பதுபோல் காட்டும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அது நச்சு.

சமையலறைக் குழாயில் மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் நான்கு இடத்தில் எடுங்கள்: தெருவிலிருந்து சம்ப்புக்குள் விழும் குழாய், சம்ப், மேல்தொட்டி வழியாக வரும் சமையலறைக் குழாய், குடிக்க எடுத்து வைத்த பாத்திரம். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அளவு விழுகிறதோ, கோளாறு அங்கே.

தெருக்குழாயில் 0.5, சம்ப்பில் பூஜ்யம் என்று வந்தால் சம்ப்பின் அடியில் சேறு இருக்கிறது, அல்லது போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்திருக்கின்றன. போர் தண்ணீரில் குளோரின் கிடையாது; அதிலுள்ள இரும்பு, இருக்கிற குளோரினையும் தின்றுவிடும். சம்ப்பில் குளோரின் இருக்கிறது, மேல்தொட்டியில் இல்லை என்றால் மூடி சரியில்லாத தொட்டி, அல்லது பல நாள் தேங்கிய தண்ணீர். தெருக்குழாயிலேயே பூஜ்யம் என்றால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. குடிநீர் வாரியத்துக்குப் புகார் கொடுங்கள். எந்த நேரத்தில், எத்தனை நாளாக என்று குறித்துக்கொண்டு சொன்னால் வேலை நடக்கும்.

குளோரின் வாடை வருகிறதென்று குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேன் வாங்குபவர்கள் ஏராளம். அந்த வாடைதான் தண்ணீர் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு அடையாளம். திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் பெருமளவு குறைந்துவிடும்.

மலக்கிருமி சோதனை

ஹெச்2எஸ் (அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு) என்ற சின்ன பாட்டில் சோதனை 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டது. பாட்டிலுக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வீட்டு வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. தண்ணீரே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் போர் என்றால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், கிருமி இல்லாமலும் கறுக்கும். கேன் தண்ணீரையும் இதே பாட்டிலில் போட்டுப் பாருங்கள்: திறந்த அன்று ஒன்று, நான்காம் நாள் டிஸ்பென்சர் குழாயிலிருந்து ஒன்று.

டிடிஎஸ் மீட்டர் இதில் எதையும் சொல்லாது. அது கரைந்த உப்பை மட்டும் அளக்கும். சாக்கடை கலந்த தண்ணீரும் லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று குறைவாகக் காட்டலாம். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளரில் மின்சாரம் பாயும் கம்பிகளை விட்டு, குழாய்த் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் விற்பனையாளரின் வித்தையும் இந்த வகைதான். கம்பியில் உள்ள இரும்பு கரைந்து வருவதே அந்தப் பழுப்பு. உப்புக் குறைந்த ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் ஓடாது, அதனால் நிறம் மாறாது. ஒரு சிட்டிகை உப்பை அந்த ஆர்ஓ டம்ளரில் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

சம்ப்பையும் தொட்டியையும் சரிசெய்வது

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்குங்கள். எட்டுக்கு ஆறு, ஐந்தடி ஆழம் என்றால் 240 கன அடி, ஏறக்குறைய 6,800 லிட்டர்.

சம்ப்புக்குள் ஆளை இறக்குவது உயிருக்கு ஆபத்தான வேலை. பல மாதம் மூடிக் கிடந்த குழியில் பிராணவாயு இருக்காது. வாசனையால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மூடியைத் திறந்து பல மணி நேரம் விட்டு, மின்விசிறியால் காற்று செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்கும்போது மட்டுமே இறங்கலாம். உள்ளே இருப்பவர் மயங்கினால் காப்பாற்றக் குதிக்காதீர்கள், கயிற்றை இழுங்கள். பல சாவுகளில் இரண்டாவது ஆள் அப்படிப் போனவர்தான். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகப் பயன்படுத்தவே கூடாது. வரும் வாயு அடைத்த இடத்தில் ஆளைக் கொல்லும். நீண்ட கம்புத் துடைப்பமும் சேற்றை உறிஞ்சும் பம்பும் இருந்தால் சிறிய சம்ப்பை மேலிருந்தே கழுவிவிடலாம்.

கழுவிய பின் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். இது 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். மேலே சொன்ன சம்ப்புக்கு 1.36 கிலோ. பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, குழாயை அடைக்கும். பிறகு மோட்டார் போட்டு மேல்தொட்டியையும் நிரப்பி, வீட்டுக் குழாய் ஒவ்வொன்றிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள். 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். அவசரமென்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, செடிக்கும் ஊற்றக் கூடாது. வடித்துவிட்டு ஒருமுறை அலசி நிரப்பினால் வேலை முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெள்ளம் வந்து வடிந்த ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

நாள்தோறும் போடும் அளவு இதில் ஐம்பதில் ஒரு பங்கு: 1,000 லிட்டருக்கு 4 கிராம். நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துச் சமையலறைக் குழாயில் அளந்தால் 0.2-க்கும் 0.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பூஜ்யம் என்றால் இன்னும் 2 கிராம். அப்போதும் பூஜ்யம் என்றால் தொட்டி இன்னும் அழுக்காக இருக்கிறது. பவுடரைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. பவுடரிலும் கவனம் வேண்டும். மூட்டையைத் திறந்து வைத்தால் சில மாதங்களில் வீரியம் போய்விடும். கட்டி தட்டி, மூக்கை எரிக்காத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

இன்னும் இரண்டு விஷயம். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சாதீர்கள். சட்டப்படியும் தப்பு, அதைவிட, அழுத்தமில்லாத குழாயில் நீங்கள் உறிஞ்சும்போது, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். விட்டு விட்டு வரும் தண்ணீரில் முதல் ஐந்து நிமிடம் வருவதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், சம்ப்புக்குள் விடாதீர்கள். சம்ப் மூடியின் விளிம்பு தரையைவிட அரையடியாவது உயர்ந்திருக்கட்டும்.

கொதிக்க வைப்பது

சந்தேகம் வந்த நாளெல்லாம் இதுதான் வழி. கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டரைத் தாண்டிய ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மூன்று நிமிடம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆற விட்டு, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். கொதிக்கும்போது குளோரினும் போய்விடுவதால், கையை விட்டு மொண்டால் கெட்டுவிடும். மண்பானை என்றால் குழாய் வைத்த பானை வாங்குங்கள்.

உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஃபுளோரைடு கிணற்றுத் தண்ணீருக்கு அடுப்பு தீர்வல்ல என்பதால்தான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

கேன் வாங்குவதென்றால்

லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண், ஆலை முகவரி இருக்க வேண்டும். உரிம எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். லேபிளில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அடைத்த குடிநீர் அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்க்கப்பட்டு, ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயமானது. பெயரே இல்லாத கேனில் நீலத் தண்ணீர் தெரிகிறது என்பதற்காக வாங்குவது குழாய்த் தண்ணீரைவிட மோசமான பந்தயம்.

கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மிதக்கும் தூசி, பச்சைப் படலம், உள்பக்கக் கீறல் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். கீறலுக்குள் படியும் அழுக்கு ஆலையில் கழுவினாலும் போகாது. கழுத்துச் சுருக்கு உறை உங்கள் கண் முன்னால் கிழியட்டும். கவிழ்ப்பதற்கு முன் கழுத்தைச் சுத்தமான ஈரத் துணியால் துடையுங்கள், அந்த இடம்தான் டிஸ்பென்சருக்குள் முங்குகிறது. வெயில் படாத இடத்தில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டிஸ்பென்சரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 5 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவால் நிரப்பி, குழாயையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஊற விட்டு அலசுங்கள். இதைச் செய்யாத வீட்டில் கேனின் தரம் எதுவாக இருந்தாலும் பயனில்லை.

சின்ன பாட்டில்களில் பிளாஸ்டிக் துகள் சமாச்சாரமும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் அமெரிக்கப் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள் கண்டார்கள். உடம்பில் அது என்ன செய்யும் என்பது இன்னும் தீர்ந்த கேள்வியல்ல. வாந்திபேதி, மஞ்சள் காமாலை கண்ணெதிரே உள்ள ஆபத்து, அதை முதலில் பாருங்கள்.

ஆர்ஓ வேண்டுமா?

டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் யோசிக்கலாம். அதற்குக் கீழே என்றால் யுவி (புற ஊதா) விளக்கோ கொதிக்க வைப்பதோ போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் தர மூன்று லிட்டர் வரை சாக்கடைக்கு அனுப்பும். 500-க்குக் கீழுள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது இதனால்தான். கலங்கிய தண்ணீரில் யுவி வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது குழாயை மூடுவது

தண்ணீர் பழுப்பாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால், தெருவில் இரண்டு வீட்டில் மஞ்சள் காமாலை என்றால், மழைநீர் சம்ப் மூடியைத் தொட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். சம்ப் கழுவி முடிக்கும் வரை கொதிக்க வைத்தது அல்லது உறை பிரிக்காத கேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம்: தண்ணீரில் பரவும் ஹெப்படைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து. பால்பவுடர் கலக்கும் தண்ணீர் கேனாக இருந்தாலும் கொதிக்க வைத்ததாகவே இருக்கட்டும்.

மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலையே வாங்குங்கள். குழாய் வாயைத் தீயில் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, பாட்டில் வாயைக் கை தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழைய குளிர்பானப் பாட்டிலில் எடுத்துப் போனால் அந்தப் பாட்டிலில் உள்ள கிருமியைத்தான் எண்ணித் தருவார்கள்.