தலைவலிக்குக் கழுத்தைக் கொடுக்கும் முன்: தோட்டத்து மக்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தலைவலி என்றால் முதலில் தைலம், அடுத்து பனடோல். அதற்கும் கேட்காவிட்டால் முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கி விடச் சொல்வார்கள். இப்போது ஈப்போவுக்குப் போய், முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அசைத்துச் சிகிச்சை தரும் கைரோபிராக்டரைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சில தலைவலிகளுக்கு அந்த முறை ஓரளவு உதவும், சிலவற்றுக்கு உதவாது. எந்தத் தலைவலி என்று தெரியாமல் கழுத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

முதல் படி: ஆபத்தை விலக்குங்கள்

இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி. இவற்றில் எது இருந்தாலும் 999-ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும், கர்ப்பகாலத்தில் வரும் கடும் தலைவலியையும் மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். தள்ளிப்போடக் காரணமே இல்லை.

இரண்டாம் படி: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது, பசியாறினீர்களா, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று குறியுங்கள். விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், வெயில் ஏறும்வரை தண்ணீர் குடிக்காதவருக்கு முதல் பக்கத்திலேயே காரணம் தெரிந்துவிடலாம்.

மூன்றாம் படி: எந்த வகை என்று பாருங்கள்

தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்தினால், பெரும்பாலும் அது இறுக்கத் தலைவலி. மன உளைச்சல், தூக்கக் குறைவு, தோள் தசை இறுக்கம் இதைக் கிளப்பும். விண்விண் என்று தெறிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, வேலை செய்தால் கூடுவது, இவை ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். பெயர் அப்படி இருந்தாலும் இரு பக்கமும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும்.

மாத்திரையாலும் தலைவலி வரும். அடிக்கடி தலைவலி வருகிறவர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் பனடோல் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே வலியை வளர்க்கலாம். இதற்குக் கழுத்தைத் திருப்பிப் பயனில்லை. மருத்துவரிடம் பேசுங்கள்.

நான்காம் படி: கழுத்தைச் சோதியுங்கள்

செம்பனைக் குலை வெட்டுபவரைக் கவனியுங்கள். உயர்ந்த மரத்தடியில் நின்று, நீண்ட கம்பின் நுனியில் உள்ள அரிவாளை மட்டைக்கும் குலைக்கும் நடுவே செலுத்துகிறார். தலை பின்னால் சாய்ந்து, பிடரி மடிந்து, இரு தோளும் காதுவரை ஏறியிருக்கின்றன. குலை விழும்வரை கண்ணை எடுக்க முடியாது. பிறகு அடுத்த மரம். இப்படியே நாள் முழுவதும் போனால் கழுத்து என்ன பாடுபடும்!

கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் உள்ள கோளாறு நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலியாகத் தெரியும். பிடரியில் தொடங்கி ஒரே பக்கமாக முன்னேறுகிறதா? தலையைத் திருப்பினால் கூடுகிறதா? அந்தப் பக்கம் கழுத்து முழுதாகத் திரும்பவில்லையா? அப்படியானால் இது கழுத்திலிருந்து வரும் தலைவலியாக இருக்கலாம்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். நேராக உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்தாமல், மோவாயை நேர்ப்பின்னே இழுங்கள். ஐந்து விநாடி வைத்து விடுங்கள். பத்து முறை, காலையிலும் மாலையிலும். வலித்தாலோ மயக்கம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: கைரோபிராக்டரிடம் போவது

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி. டி. பாமர் தொடங்கிய முறை இது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். கழுத்துத் தலைவலிக்கு இது ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒற்றைத் தலைவலிக்கு அத்தனை உறுதியான சான்று இல்லை.

நல்லவர் உடனே கழுத்தைத் தொட மாட்டார். உங்கள் நோட்டைப் பார்ப்பார், இரத்த அழுத்தம் அளப்பார், கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார். எலும்புத் தேய்வு, முடக்குவாதம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சொடுக்காமல் மெதுவாக அசைக்கும் முறையும் உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம்.

சொடுக்கும்போது கேட்பது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுவின் சத்தம். சத்தம் வந்தால்தான் குணமாகும் என்பதில்லை. மறுநாள் லேசாக வலிப்பது சகஜம். மிக அரிதாக, கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. ஆகவே கழுத்தில் புதிதாகக் கடும் வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, முகத்தில் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால் வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பயிற்சியே இல்லாதவரிடம் கழுத்தைச் சொடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான்.

முதல் நாளே பல மாதத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். சில வாரங்களில் நோட்டில் வலி நாட்கள் குறையவில்லை என்றால், அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு அதே நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.