அமீன் பாடம்: பார்க்க வேண்டியது நைட்ரஜனை

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், நான் படித்த காலத்தில் செய்த பிழைகளே வரிசையாகக் கண்ணில் படுகின்றன. விடுபட்ட எண், எழுத்துப் பிழை எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். சரியாகாதவை சில உண்டு.

ஆல்கஹால் கணக்கை அமீனுக்குப் போடுவது

மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால், பெயருக்கேற்ப மூவிணைய ஆல்கஹால்தான். அங்கே ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருக்கும் கார்பனோடு எத்தனை கார்பன் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வகைப்படுத்துகிறோம்: ஒன்று என்றால் ஓரிணையம், இரண்டு ஈரிணையம், மூன்று மூவிணையம். அமோனியாவின் ஹைட்ரஜனுக்குப் பதில் கார்பன் தொகுதி சேர்ந்ததுதான் அமீன்; அதில் பார்க்க வேண்டியது நைட்ரஜனை. அதோடு நேரடியாக எத்தனை கார்பன் சேர்ந்திருக்கிறது? மூவிணைய பியூட்டைல் அமீனில் ஒன்றுதான். அதனால் அது ஓரிணைய அமீன். ஐசோபுரொப்பைல் அமீனும் அப்படியே.

கல்லூரி ஆய்வகத்தில் இதே மூவிணைய பியூட்டைல் அமீனை நான் மூவிணையம் என்று குறித்துவைத்துவிட்டு, கார்பைலமீன் சோதனை செய்தேன். குளோரோஃபார்மும் ஆல்கஹால் கலந்த பொட்டாஷும் விட்டுச் சூடாக்கியதும், குடலைப் புரட்டும் நாற்றம். ஓரிணைய அமீன் மட்டுமே தரும் நாற்றம் அது. நானோ சோதனைக்குழாய் அழுக்கு என்று நினைத்து, கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே நாற்றம். கண்ணெதிரே விடை இருந்தும் பெயரை நம்பினேன். அந்தப் பிற்பகல் முழுக்க வீண். (நாற்றம் வந்த குழாயில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்ட பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.)

வகை தவறினால் கொதிநிலையும் தவறும். நைட்ரஜனில் ஹைட்ரஜன் குறையக் குறைய ஹைட்ரஜன் பிணைப்பும் குறைகிறது. ஒரே மூலக்கூறு வாய்பாடுதான்; ஆனால் நார்மல் பியூட்டைல் அமீன் சுமார் 78 டிகிரி செல்சியஸிலும், டைஎதில் அமீன் 56லும், எதில் டைமெதில் அமீன் 37லும் கொதிக்கின்றன. இவ்வளவு படித்த பிறகும் பிள்ளைகள் பெயரைப் பார்த்து "மூவிணையம்" என்று எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

காரத்தன்மைக்கு ஒரே வரிசை

எல்லா அமீனுக்கும் ஒரே வரிசை எழுதாதீர்கள். காரத்தன்மை கூடியதிலிருந்து குறைந்ததுக்குப் போனால், நீரில் மெதில் அமீன்களின் வரிசை ஈரிணையம், ஓரிணையம், மூவிணையம். எதில் அமீன்களில் ஈரிணையம், மூவிணையம், ஓரிணையம். இரண்டையும் தனித்தனியே படியுங்கள்.

டையசோனியம்

அனிலீனிலிருந்து (பென்சீன் வளையத்தோடு சேர்ந்த அமீன்) செய்யும் இந்த உப்பைத் தயாரிப்பது 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள். பனிக்கட்டி தீரும்வரை காத்திருக்காதீர்கள்.

அனிலீனை நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்வது

நைட்ரோ தொகுதி பாரா இடத்தில், அதாவது வளையத்தில் அமீன் தொகுதிக்கு நேரெதிரே, மட்டும் வரும் என்று எழுதாதீர்கள். அமிலத்தில் அனிலீன் அனிலினியம் அயனியாகிவிடுவதால் மெட்டா (ஒரு கார்பன் தள்ளிய இடம்) விளைபொருளும் ஏறத்தாழ 47 சதவீதம் வரும். பாரா வேண்டுமென்றால் முதலில் அசிட்டைல் ஏற்றம் செய்யுங்கள்.