ராரிட்டன் விரிகுடாவில் வசந்தகால ஸ்ட்ரைப்பர்: கரையிலிருந்து லூர் வீசிப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனைப் பலரும் ஸ்ட்ரைப்பர் என்றே அழைக்கிறார்கள். வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், நம்ம ஊர்க் கொடுவாயைப் போலப் பெரிய வாய். இரையைக் கடிப்பதைவிட நீரோடு சேர்த்து உறிஞ்சுவதே இதன் பழக்கம். கொடுவா போலத் துள்ளிக் குதிப்பது அரிது. தலையை ஆட்டிக்கொண்டு நீளமாக ஓடும்.

செசபீக் விரிகுடாவும் ஹட்சன் ஆறும் இவை முட்டையிடும் முக்கிய இடங்கள். ஹட்சனில் ஏறப்போகும் மீன்கள் அதற்கு முன் நியூ ஜெர்சிக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் நடுவிலுள்ள ராரிட்டன் விரிகுடாவில் தங்கி இரை தேடும். செசபீக்கில் முட்டையிட்டு முடித்தவை மே மாதத்தில் வடக்கே போகும் வழியில் இங்கே வரும். அதனால்தான் மார்ச் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை இந்த விரிகுடாவுக்கு இத்தனை மவுசு. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது கூப்பிடு தூரம்தான்.

முதலில் வெப்பமானி, பிறகுதான் தூண்டில்

வசந்தத்தில் தோற்றுப்போகும் பெரும்பாலோர் தோற்பது லூர் என்னும் செயற்கை இரை சரியில்லாததால் அல்ல. தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும் இடத்தில், குளிர்ந்திருக்கும் நேரத்தில் வீசுவதால். 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஸ்ட்ரைப்பர் மந்தமாகக் கிடக்கும். 50-ஐத் தொட்டதும் இரை தேடத் தொடங்கும். 55-க்கு மேல் விரட்டிப் பிடிக்கும். சாண்டி ஹூக்கில் உள்ள நோவா (அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு நிறுவனம்) நிலையத்தின் நீர் வெப்பநிலையும் கடல்நீர் ஏறி வற்றும் நேரமும் இணையத்தில் தினமும் கிடைக்கின்றன. ஆனால் அது விரிகுடாவின் வாயில் எடுக்கும் அளவு. உள்ளே ஆழமில்லாத மூலைகள் வெயில் நாளில் அதைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். சட்டைப்பையில் ஒரு சின்ன வெப்பமானி வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள்.

இந்தச் சில டிகிரிதான் ஏப்ரல் மாத மீன்பிடிப்பின் உயிர்நாடி. வற்றத்தின்போது கறுத்த சேற்றுப் படுகைகள் வெயிலில் காயும். அதன்மேல் ஏறி நிற்கும் தண்ணீர் சூடேறி, அடுத்த வற்றத்தில் ஓடைவாய் வழியாக வெளியே வரும். அந்த வெதுவெதுப்பான நீரோடு இறாலும் சிறுமீனும் வரும். ஸ்ட்ரைப்பர் ஓடைவாயில் காத்திருக்கும். எனவே நண்பகலை ஒட்டி ஏற்றம் உச்சத்தைத் தொட்டு, மாலை வரை வற்றும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தின் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், இப்படிப்பட்ட நாலைந்து நாட்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அட்டவணையில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். கீபோர்ட் அருகே மட்டவான் ஓடை, மார்கன் பக்கம் சீஸ்குவேக் ஓடை ஆகியவற்றின் வாய்ப்பகுதிகள் இதற்கு ஏற்றவை. மே மாதம் தண்ணீர் 58, 60-ஐத் தாண்டியபின் இந்தக் கணக்கு தேவையில்லை. அப்போது விடியலும் இரவும் நண்பகலைவிட மேல்.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சராசரியாக 5 அடிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் உண்டு. நீரோட்டம் நின்றுபோகும் அரைமணி நேரத்தில் வீசிக் கை ஓய வேண்டாம். அந்த நேரத்தில் நரம்பையும் முடிச்சையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கோல், ரீல், நரம்பு

8 முதல் 9 அடி வரையிலான ஸ்பின்னிங் கோல், 3/4 முதல் 3 அவுன்ஸ் வரை வீசக்கூடியது. 4000 அல்லது 5000 அளவு ரீல். 20 பவுண்ட் இழுவை தாங்கும் பின்னல் நரம்பு 200 கஜமாவது. முனையில் 30 பவுண்ட் ஃபுளோரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு), மூன்றடி நீளம். இரண்டையும் எஃப்.ஜி. முடிச்சால் இணைக்கலாம், அது கைவராவிட்டால் இரட்டை யூனி முடிச்சு போதும். லூரை மாட்ட ஒரு சிறிய, உறுதியான கிளிப். பெரிய ஸ்விவல் தொங்கினால் சிறிய லூரின் ஆட்டம் கெடும்.

டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டாம். தராசுக் கொக்கியை நரம்பில் மாட்டி இழுங்கள். 20 பவுண்ட் நரம்புக்கு 5 பவுண்டில் டிராக் வழுக்க வேண்டும்.

பின்னல் நரம்பு வீசும்போது பந்தாகச் சிக்கிக்கொள்கிறது என்பது புதியவர்களின் தீராத புகார். பெரும்பாலும் காரணம் இதுதான்: லூர் விழுந்ததும் கைப்பிடியைச் சுழற்றியே பெய்லை (நரம்பை வழிநடத்தும் கம்பி வளையத்தை) மூடுவதால், தொய்ந்த நரம்பு ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) தளர்வாகச் சுற்றிக்கொள்ளும், அடுத்த வீச்சில் அந்தத் தளர்ந்த வளையம் மொத்தமாக வெளியே பாயும். பெய்லைக் கையால் மூடுங்கள். நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள். பிறகு சுற்றுங்கள்.

பெட்டியில் நாலு வகை லூர் போதும்

வசந்தத்துக்கு முதல் லூர், ஜிக்கில் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளில்) கோத்த 4 அல்லது 5 அங்குல ரப்பர் மீன், துடுப்பு போன்ற வால் உள்ளது. அமைதியான நீருக்கு 1/2 அவுன்ஸ், ஓடைவாயின் இழுவைக்கு 3/4 அல்லது 1 அவுன்ஸ். கலங்கல் நீரில் வெள்ளை அல்லது பச்சைமஞ்சள், தெளிந்த நீரில் ஆலிவ் நிறம். நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆழமும் வேகமும்தான் மீனைத் தரும்.

கோப்பதில் கவனம் தேவை. ஜிக்கை ரப்பரின் பக்கத்தில் வைத்து, முள்ளின் வளைவு எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு குறி போடுங்கள். மூக்கின் நட்ட நடுவில் முள்ளைச் செலுத்தி, முதுகின் நடுக்கோட்டில் அந்தக் குறியில் வெளியே எடுங்கள். உடம்பு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் லூர் சுழலும், நரம்பு முறுக்கேறும், மீன் தொடாது. கோணியிருந்தால் உருவி மறுபடி கோத்துவிடுங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ.

இரண்டாவது பக்டெய்ல், அதாவது மான்வால் ரோமம் கட்டிய ஜிக், 3/4 முதல் 1 1/2 அவுன்ஸ் வரை. மூன்றாவது 5 அல்லது 6 அங்குல மிதக்கும் மின்னோ, அதாவது சிறுமீன் வடிவ லூர், இரவுக்கானது. நான்காவது பென்சில் பாப்பர் போன்ற மேற்பரப்பு லூர். தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டும் வரை அதைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள்.

ஏப்ரலில் மென்ஹேடன் கூட்டங்கள் உள்ளே வரத் தொடங்கும். இங்கே அதற்குப் பெயர் பங்கர். மத்தி இனத்தைச் சேர்ந்த, எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். பங்கர் வந்தபின் பெரிய ஸ்ட்ரைப்பர் சிறு இரையைத் திரும்பிப் பார்ப்பது குறையும். அப்போது 7 முதல் 9 அங்குல ரப்பர் மீனுக்கோ உலோக உதடு வைத்த மரலூருக்கோ மாறுங்கள். பங்கர் கூட்டத்தின் நட்டநடுவே வீசினால் உங்கள் லூர் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். கூட்டத்தின் விளிம்பிலும் அடியிலும் ஓட்டுங்கள். தனியாகத் தள்ளாடும் மீனைத்தான் ஸ்ட்ரைப்பர் குறிவைக்கும்.

ஜிக்கை ஓட்டும் முறை

ஓடைவாயில் நின்றால் நீரோட்டம் வரும் திசைக்குச் சாய்வாக, மேல்புறமாக வீசுங்கள். லூர் இறங்கும்போது நரம்பைத் தளரவிடாமல், இழுக்கவும் செய்யாமல், மனதுக்குள் எண்ணுங்கள். தரையைத் தொட்டதும் நரம்பு சட்டென்று தொய்யும். எத்தனை எண்ணிக்கை என்று நினைவில் வையுங்கள். அதுதான் அந்த இடத்தின் ஆழம். பிறகு கோலைப் பத்து மணி முள் நிலையில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். நாலு சுற்றுக்கு ஒருமுறை ஜிக் தரையைத் தட்ட வேண்டும். ஒருமுறையும் தட்டவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் தட்டாவிட்டால் ஈயத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பாசியை அள்ளிக்கொண்டு வந்தால் ஈயம் அதிகம்.

தண்ணீர் 50-ஐச் சுற்றி இருக்கும்போது, மெதுவாக ஓட்டுகிறோம் என்று நீங்கள் நினைக்கும் வேகத்திலும் பாதிதான் சரியான வேகம். குளிரில் மீன் ஓடிவந்து அடிக்காது. கடி என்பது ஒரு மெல்லிய ‘டொக்’, அல்லது நரம்பில் திடீர் கனம், சில சமயம் இறங்கவேண்டிய ஜிக் இறங்காமல் நிற்பது. பெரும்பாலும் ஜிக் இறங்கும் நொடியில்தான் வரும். சந்தேகம் வந்தால் கோலை ஒரு வீச்சில் உயர்த்திவிடுங்கள்.

மேற்பரப்பு லூரில் இதற்கு நேர்மாறு. நீர் வெடித்ததும் கை தானாக இழுக்கும். மீன் வாயில் லூர் இருக்காது. ஸ்ட்ரைப்பர் பல தடவை வாலால் அடித்துவிட்டுத் திரும்பி வந்துதான் விழுங்கும். வெடிப்பைப் பார்க்காதீர்கள், கோலில் கனம் தெரியும் வரை அதே தாளத்தில் ஓட்டுங்கள்.

இரவில் மின்னோவுக்கு விநாடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவான வேகம். கோல் முனையில் லேசான துடிப்பு தெரிந்தால் போதும்.

மே மாதத்தில் ரப்பர் மீனின் வால் கத்தரித்தாற்போல அறுந்து வந்தால், கூர்ப்பல் கொண்ட புளூஃபிஷ் வந்துவிட்டது என்று பொருள். ரப்பரை உள்ளே வைத்துவிட்டு பக்டெய்லோ உலோக ஸ்பூனோ மாட்டுங்கள். லீடரை 50 பவுண்ட் மோனோவாக (ஒற்றை இழை நைலானாக) மாற்றுங்கள். புளூஃபிஷின் வாய்க்கு அருகில் விரலைக் கொண்டுபோகவே வேண்டாம், இடுக்கிதான்.

முள்ளை மாற்றுவது

கடையில் வாங்கும் மின்னோவிலும் பாப்பரிலும் இரண்டு மூன்று மும்முள்கள் இருக்கும். ஒன்று மீன் வாயில் குத்தினால் இன்னொன்று கண்ணிலோ செவுளிலோ உங்கள் கையிலோ குத்தும். அவற்றைக் கழற்றி, நேர்வளையம் கொண்ட ஒற்றை முள்களைப் போடுங்கள்; முள் கழலாமல் தடுக்கும் எதிர்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் நழுவாது. கழற்றிய முள்ளின் எடையும் புதியதன் எடையும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் லூர் சாய்ந்து நீந்தும். ஒரு வாளி உப்புநீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கரைக்குக் கொண்டுபோங்கள்.

சட்டமும், திருப்பி விடுவதும்

கடலோர மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2019-இல் இந்த மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துவிட்டதாக அறிவித்தது. செசபீக்கில் குஞ்சுகளின் எண்ணிக்கையும் அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மோசம். 2023-இல் அவசர நடவடிக்கையாக, கடல் பகுதியில் ஒருவருக்கு நாளுக்கு ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு சுருக்கப்பட்டது. நியூ ஜெர்சியின் ஆறுகளிலும் விரிகுடாக்களிலும் ஜனவரி, பிப்ரவரியில் ஸ்ட்ரைப்பர் பிடிக்கத் தடை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மாநில அரசின் தளத்தில் பாருங்கள். இலவச உப்புநீர் மீன்பிடிப் பதிவையும் அங்கேயே செய்துகொள்ளலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த விரிகுடாவின் ஸ்ட்ரைப்பரை உண்ண வேண்டாம், உடம்பில் பி.சி.பி. நச்சு சேர்ந்திருக்கிறது.

ஆக, பிடிக்கும் மீன்களில் பெரும்பாலானவை தண்ணீருக்கே திரும்பும். திருப்பி விட்டவற்றில் 100-க்கு 9 இறந்துபோவதாக ஆணையம் கணக்கிடுகிறது. அந்த ஒன்பதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. மீனைச் சோர்ந்துபோகும்வரை விளையாட விடாதீர்கள். காய்ந்த மணலில் இழுக்காதீர்கள். முழங்கால் ஆழத்தில் நின்று அங்கேயே முள்ளை எடுங்கள். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள். பல் அரம்போலச் சொரசொரக்கும், கிழிக்காது. ஆனால் முதுகு முள்ளும் செவுள்மூடியின் விளிம்பும் கிழிக்கும். பெரிய மீனைத் தாடையில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்பும் தாடையும் சேதமாகும். மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவை முதலில் தயார் செய்யுங்கள், மீன் வெளியே இருப்பது 30 விநாடிக்குள் முடியட்டும். பிறகு தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து நில்லுங்கள். அது உங்கள் விரலைக் கவ்வி, வாலை உதறித் தானாகப் போகும்வரை விட வேண்டாம்.

வேடர்ஸ் (நீர் புகாத நீண்ட கால்சட்டை) போட்டு இறங்கினால் இடுப்பில் பட்டை கட்டாயம். விழுந்தால் கால்பகுதியில் தண்ணீர் நிரம்பாமல் அதுதான் தடுக்கும். பாறைத் தடுப்புகளில் ஏறினால் அடியில் ஆணி வைத்த காலணி வேண்டும்.

ஜூன் நடுவில் விரிகுடாவின் நீர் 70-ஐ நெருங்கும்போது பெரிய மீன்கள் சாண்டி ஹூக்கைச் சுற்றிக்கொண்டு லாங் தீவு, கேப் காட் பக்கம் கிளம்பிவிடும். மிஞ்சி நிற்கும் சிறியவை சூடான நீரில் பிடிபட்டால் சீக்கிரம் களைத்துச் சாகும். அப்போது விரிகுடாவை விட்டுவிட்டுக் கடல்பக்கக் கரைக்கு மாறுங்கள்.